கார் சார்ஜ் ஏறும்போது நாமும் சாப்பிட்டே ஆக வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

மின்சார கார் வைத்திருக்கும் வாசகர்கள் முன்பெல்லாம் பேட்டரி ஆயுள், மின்கட்டணம் பற்றித்தான் எழுதிக் கேட்பார்கள். சில மாதங்களாகச் சாப்பாட்டைப் பற்றிய கடிதங்களும் வருகின்றன. இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி, முக்கால் மணி நிற்க வேண்டியிருப்பதால், நீண்ட பயணத்தில் எப்போது, எதை, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதே மாறிவிடுகிறது. வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெட்ரோல் கார் இருந்தவரை மதுரைக்குப் போகும் வழியில் ஒரே இடத்தில் நிறுத்திச் சாப்பிடுவோம். இப்போது மூன்று இடத்தில் சார்ஜ் போடுகிறோம். மூன்று இடத்திலும் வடை, பஜ்ஜி, காபி என்று ஏதாவது உள்ளே போய்விடுகிறது. மாதம் இரண்டு முறை போய்வருகிறோம். எல்லோருக்கும் எடை ஏறிவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், தாம்பரம்

முதலில் அந்த மூன்றை இரண்டாக்குங்கள். உங்கள் காரில் 40 யூனிட் பேட்டரி என்று எழுதியிருக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில், ஏ.சி. போட்டு ஓட்டினால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6 கி.மீ. என்று வைத்துக் கணக்கிடலாம்.

காலை 5.30-க்கு 100 சதவீதத்தோடு தாம்பரத்தில் கிளம்பினால், சுமார் 170 கி.மீ. தள்ளி இருக்கும் உளுந்தூர்பேட்டைப் பக்கம் 8 மணிக்குள் போய்விடலாம். பேட்டரியில் 28 சதவீதம் வாக்கில் மிச்சம் இருக்கும். அங்கே 80 வரை ஏற்ற 40 நிமிடம். காலைச் சாப்பாடு அங்கேதான். அடுத்த நிறுத்தம் திருச்சி தாண்டி விராலிமலைப் பக்கம், ஏறக்குறைய 155 கி.மீ. அங்கே போய்ச் சேரும்போது மணி 11-ஐ நெருங்கும். பேட்டரி 15 சதவீதத்தில் இருக்கும். மதுரைக்கு இன்னும் 105 கி.மீ.தான் என்பதால் 60 சதவீதம் வரை ஏறினாலே போதும், அரை மணி நேரம் ஆகும். மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு மதுரையில், வீட்டில்.

இந்த இரண்டாவது நிறுத்தம்தான் எடையைக் கூட்டுகிற இடம். காலையில் சாப்பிட்டு மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது, உண்மையில் பசியே கிடையாது. ஆனால் சார்ஜரின் கன்னை, அதாவது கேபிள் முனையில் இருக்கும் கைப்பிடி இணைப்பானை, காரில் செருகிவிட்டுச் சும்மா நிற்கும்போது எண்ணெய்ச் சட்டி வாசனை மூக்குக்கு வருகிறது. அளவைப் பொறுத்து ஒரு மெதுவடை 130 முதல் 150 கலோரி. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபி ஒன்று 80 முதல் 100. இரண்டு வடையும் ஒரு காபியும் சாப்பிட்டால் நான்கு இட்லியைவிடக் கூடுதலாகிவிடும்; அதை யாரும் ஒரு வேளைச் சாப்பாடாகக் கணக்கில் வைப்பதும் இல்லை. வீட்டுக்குப் போய் முழுச் சாப்பாடும் சாப்பிடுவீர்கள்.

அதனால் வீட்டில் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் நிறுத்தம் சாப்பாட்டுக்கு, இரண்டாவது நடப்பதற்கு. இரண்டாவதில் மோர், இளநீர், கொய்யா என்று ஏதாவது ஒன்று போதும். பிறகு வளாகத்துக்குள்ளேயே பதினைந்து நிமிடம் நடங்கள். காலையிலிருந்து உட்கார்ந்தே வந்த கால்களுக்கு அதுதான் தேவை.

மூன்றாவது நிறுத்தம் எங்கிருந்து முளைத்தது என்றால், உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. முதல் இடத்தில் 'சாப்பிட்டு முடிக்கும்வரை ஏறட்டும்' என்று 95 வரை விட்டிருக்கிறீர்கள். அதில் போன நேரத்தைப் பிடிக்க 110-இல் ஓட்டியிருக்கிறீர்கள். வேகம் கூடினால் காற்றின் தடை மிக வேகமாகக் கூடும். ஒரு யூனிட்டுக்கு 5 கி.மீ.கூடக் கிடைக்காது. எனவே இன்னொரு நிறுத்தம், இன்னொரு தட்டு பஜ்ஜி. சார்ஜரின் திரையைக் கவனித்தால் ஒன்று புரியும். 45 கிலோவாட் என்று ஓடிக்கொண்டிருந்த எண், பேட்டரி 80-ஐத் தாண்டியதும் 25, 18 என்று இறங்கும். செல்கள் நிறைய நிறைய அவை கெடாமல் இருக்கக் காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. 80-இலிருந்து 100 வரை ஏற்றும் நேரத்துக்கு அடுத்த ஊரே வந்துவிடும். பின்னால் ஒருவர் காத்துக்கொண்டும் இருப்பார்.

சார்ஜ் ஏறி முடிந்துவிடுகிறது, சாப்பாடு வந்து சேர்வதில்லை. பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது.
– வாசகி, சேலம்

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் கன்னைச் செருகுங்கள். திரையில் மின்சாரம் ஓடத் தொடங்கி, மீதி நிமிடம் எவ்வளவு என்று காட்டும்வரை காரை விட்டு நகராதீர்கள். தொடங்கிய ஒரு நிமிடத்தில் தானாகத் துண்டித்துக்கொள்வதுதான் நெடுஞ்சாலை சார்ஜர்களில் அடிக்கடி நடக்கும் கோளாறு. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பேட்டரி அப்படியே இருக்கும். ஓடுகிறது என்று உறுதியான பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தக் கன் நாள் முழுக்கப் பலர் கைபட்டது, கேபிள் தரையில் கிடந்தது. வெறும் தண்ணீரில் நனைத்தால் போதாது, இருபது விநாடி தேய்க்க வேண்டும்.

பிறகு உணவைத் தேர்ந்தெடுப்பது. 40 நிமிடம் இருந்தால் இட்லி, பொங்கல் போலத் தயாராக இருப்பதைக் கேளுங்கள். நெய் ரோஸ்ட், பரோட்டா எல்லாம் கல்லில் இடம் கிடைத்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கே இருபத்தைந்து நிமிடம் போய்விடும்.

அப்பாவுக்கு 68 வயது. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறார், கூடவே கிளிமிபிரைடு மாத்திரையும் உண்டு. மின்சார காரில் நீண்ட தூரம் அழைத்துப் போகலாமா? போன முறை சார்ஜிங் இடத்தில் வரிசை நின்றதால் சாப்பாடு தள்ளிப்போய் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.
– வாசகி, திருநெல்வேலி

தாராளமாக அழைத்துப் போகலாம். ஆனால் அவருடைய சாப்பாட்டைச் சார்ஜரோடு முடிச்சுப் போடாதீர்கள். வந்த அத்தனை கடிதங்களிலும் நாங்கள் மிகவும் கவலையோடு படித்தது இதைத்தான்.

நடந்தது இதுதான். 'இன்னும் பத்து நிமிடத்தில் சார்ஜிங் நிலையம்' என்று ஆப் சொன்னதும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். போய்ப் பார்த்தால் இரண்டு கார் முன்னால் நிற்கிறது. இன்சுலின் வேலையைத் தொடங்கிவிட்டது. வயிற்றில் உணவு இல்லை. வேகமாகச் செயல்படும் வகை இன்சுலின் 10 முதல் 20 நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அந்த வகை என்றால் தட்டு மேஜைக்கு வந்த பிறகே ஊசி போட வேண்டும். அரை மணி நேரம் முன்பே போடச் சொல்லியிருக்கும் வகை என்றால், பயண நாளில் எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எந்த வகையாக இருந்தாலும் அவருக்கென்று ஒரு டப்பா காரில் தனியாக இருக்கட்டும்: நான்கு பொடி இட்லி அல்லது இரண்டு சப்பாத்தி. சார்ஜர் வேலை செய்யாவிட்டாலும், ஓட்டல் மூடியிருந்தாலும், வழக்கமான நேரத்துக்கு அவர் சாப்பிட்டுவிட வேண்டும். மற்றவர்கள் பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், திடீர்ப் பசி – இவை தெரிந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி இறங்கும். கடலை மிட்டாய், சாக்லேட் இதற்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்களுக்குத் தாழ்சர்க்கரை பல மணி நேரம் கழித்தும் திரும்ப வரலாம் என்பதால், அன்று முழுவதும் கவனம் தேவை.

அவரே ஓட்டுபவராக இருந்தால், சர்க்கரை இயல்புக்குத் திரும்பிய பிறகும் 45 நிமிடம் ஓட்டக் கூடாது. அளவு சரியாகிவிட்டாலும் மூளை முழுத் தெளிவுக்கு வர அவ்வளவு நேரம் எடுக்கும்.

இன்சுலின் பேனாவை டேஷ்போர்டு அறையில் வைக்காதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலான சார்ஜர்களுக்கு மேற்கூரை இல்லை. காரைப் பூட்டிவிட்டு நீங்கள் சாப்பிட்டு வரும் நேரத்தில் உள்ளே சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். கைப்பையில் உங்களோடே எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் மீது நேரடியாக வைப்பதும் தவறு. உறைந்த இன்சுலின் பிறகு பயன்படாது.

வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறோம். எது தாங்கும், எது தாங்காது?
– வாசகர், ஓசூர்

நல்ல முடிவு. பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடிப் பக்கம் இருக்கும் சார்ஜர்களில் பல இடங்களில் சிப்ஸும் குளிர்பானமும் தவிர வேறு கிடைக்காது. 50 கிராம் சிப்ஸ் பாக்கெட் ஏறக்குறைய 270 கலோரி; 250 மில்லி கோலாவில் ஐந்தாறு தேக்கரண்டி சர்க்கரை. கையில் சாப்பாடு இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

தாங்குபவை: புளியோதரை, மிளகாய்ப்பொடி இட்லி, சப்பாத்தி, பாலில் பிசைந்த தயிர்சாதம். புளியோதரை ஏன் தாங்குகிறது என்றால் புளியின் அமிலமும் நல்லெண்ணெயும்தான். ஆனால் அதிலும் ஒரு தவறு நடக்கிறது. சூடாகக் கிளறி அப்படியே டப்பாவில் அடைத்து மூடிவிடுகிறோம். ஆவி மூடியில் நீராகி மறுபடி சோற்றில் விழுகிறது. கெடுவது அந்த ஈரத்தில் தொடங்கும். சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுப் பிறகு கலந்து, இன்னொரு பத்து நிமிடம் விட்டுக் கட்டுங்கள். இட்லிக்கும் இதே முறை: ஆறிய பிறகு இரண்டு பக்கமும் எண்ணெயில் குழைத்த பொடியைத் தடவி, வாட்டிய வாழை இலையில் மடிக்கவும்.

தயிர்சாதத்துக்கு ஒரு கப் குழைந்த சோற்றுக்கு ஒன்றரை கப் காய்ச்சி ஆறிய பால், ஒரு தேக்கரண்டி தயிர், அவ்வளவுதான். ஐந்து மணிக்குப் பிசைந்தால் மதியத்துக்குள் பதமாகத் தோய்ந்திருக்கும். வெள்ளரி, வெங்காயம் கலக்காதீர்கள். தனியாக எடுத்துக்கொண்டு சாப்பிடும்போது சேர்க்கலாம்.

தாங்காதவை: தேங்காய்ச் சட்னி, தேங்காய் போட்ட சுண்டல், சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோறு, முட்டை, கறி. வெறும் சோறும் ஆபத்தானதுதான். அரிசியில் இருக்கும் ஒரு வகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் கிடந்தால் அவை பெருகி நஞ்சைச் சுரக்கும். திரும்பச் சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போகாது. இப்படிப்பட்டவற்றை வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

சில கார்களில் முன்பக்க பானட்டுக்குள் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. சாப்பாட்டுப் பையை வைக்க வசதியாகத் தோன்றும், வைக்காதீர்கள். வேகமாகச் சார்ஜ் ஏறும்போது பேட்டரியைக் குளிர்விக்க முன்பக்க ரேடியேட்டரும் விசிறியும் முழுமூச்சாக ஓடும், அந்த வெப்பம் பக்கத்திலேயே அடிக்கும். பின் இருக்கையின் கால் வைக்கும் இடம்தான், ஏ.சி. காற்றும் படுவதால், காரிலேயே குளிர்ச்சியான இடம். சார்ஜ் போடும்போது பையைக் கையோடு இறக்கிவிடுங்கள்.

கொறிப்பதற்கு வேர்க்கடலை, பொட்டுக்கடலை நல்லவை. ஒரே பெரிய டப்பாவாக எடுத்துப் போனால் மட்டும் பயனில்லை. ஆளுக்கு ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம், சிறு டப்பாக்களில் வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். 30 கிராம் வேர்க்கடலையே 170 கலோரி.

பெட்ரோல் காரில் வாந்தி எடுக்காத பிள்ளை மின்சார காரில் எடுக்கிறாள். சாப்பாட்டில் கோளாறா?
– வாசகி, நாமக்கல்

சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் காரணம் ஓட்டுபவரின் வலது காலில் இருக்கிறது. மின்சார காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து இழுக்கும். அது அதிக அளவில் வைக்கப்பட்டிருந்தால் கார் ஓயாமல் முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டே போகும். எஞ்சின் சத்தம் இல்லாததால், வேகம் கூடப்போகிறதா குறையப்போகிறதா என்று பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உடம்புக்கு முன்னறிவிப்பும் கிடைப்பதில்லை. அதில் அவள் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தால் வாந்தி நிச்சயம்.

சமவெளியில் அந்த அளவைக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள். காலைச் சட்டென்று எடுக்காமல், பாலாடையைக் கரண்டியால் ஒதுக்குவதுபோல மெதுவாக எடுக்கப் பழகுங்கள். மலையிறக்கத்தில் மட்டும் இதை அணைக்கக் கூடாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு குறையும். நடு அளவில் வைத்து ஒரே சீராக இறங்குங்கள். மலைமேல் விடுதியில் இரவு சார்ஜ் போட்டால் 85-உடன் நிறுத்துவதும் அவசியம். 100 நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லாமல் அந்த இழுவிசையே வேலை செய்யாது.

சாப்பாடு: கிளம்புவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. பால், பூரி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வழியில் சிறு துண்டு இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொள்ளலாம். சார்ஜ் முடிந்தவுடன் சாப்பிட்ட கையோடு ஏறாமல், சார்ஜ் தொடங்கியதும் சாப்பிட்டால் அரை மணி நேர இடைவெளி தானாகக் கிடைத்துவிடும்.

காரிலேயே வெந்நீர் வைத்து டீ போடலாமா? பேட்டரி இறங்கிவிடுமா?
– வாசகர், காரைக்குடி

உங்கள் காரில் 230 வோல்ட் மின்சாரம் வெளியே எடுக்கும் வசதி இருந்தால் போடலாம். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 1,000 வாட் கெட்டிலில் மூன்று நிமிடம். செலவாவது ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு. 300 மீட்டர் ஓடும் மின்சாரம்தான், கவலை வேண்டாம். பெரும்பாலான கார்களில் சார்ஜ் ஏறும்போது இந்த வசதி வேலை செய்யாது. அதே துவாரத்தில்தான் இணைப்பும் வரும். ஆகவே டீக்கு வேறு இடத்தில் நிறுத்துங்கள். கெட்டிலை வெளியே சமதளத்தில் வையுங்கள், இருக்கையில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம்.

டேஷ்போர்டில் இருக்கும் 12 வோல்ட் துளை வேறு. அதற்கென்று விற்கும் கெட்டில்கள் 120 வாட் அளவில்தான் இருக்கும். அதே அரை லிட்டருக்கு அரை மணி நேரமாகும். இன்வெர்ட்டர் வைத்து அந்தத் துளையில் பெரிய கெட்டிலைச் செருகினால் ஃபியூஸ் போகும். அதில் குளிர்ப்பெட்டி வைத்திருப்பவர்கள் காரை அணைத்ததும் கழற்றிவிடுங்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி காலியானால் மின்சார காரும் உயிர்பெறாது.

கழிப்பறைக்குப் பயந்து பயணத்தில் நான் தண்ணீரே குடிப்பதில்லை.
– வாசகி, கடலூர்

இந்தப் பழக்கத்தை விட மின்சார கார் நல்ல வாய்ப்பு. எப்படியும் இரண்டரை மணிக்கு ஒருமுறை நிற்கத்தான் போகிறீர்கள். சார்ஜரைத் தேர்ந்தெடுக்கும்போது கிலோவாட்டை மட்டும் பார்க்காமல், ஆப்பில் மற்றவர்கள் போட்டிருக்கும் படங்களில் கழிப்பறை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சுத்தமான கழிப்பறையுள்ள 30 கிலோவாட் சார்ஜர், அது இல்லாத 60 கிலோவாட்டைவிட மேல். கூடுதலாகப் போகும் இருபது நிமிடம் வீணில்லை. மணிக்கு ஒரு டம்ளர் வீதம் குடியுங்கள். நீர் குறைந்தால் தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் வரும். தாகத்தைப் பசி என்று நினைத்துக் கொறிப்பதும் பலருக்கு உண்டு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டினால் கண் சொக்குகிறது. சத்தமே இல்லாத கார் என்பதால் இன்னும் மோசம்.
– வாசகர், தஞ்சாவூர்

மதியம் 2 முதல் 4 மணிவரை உடம்பே இயல்பாகத் தளரும் நேரம். முழுச் சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்கி, கூட்டு, பொரியலை இரட்டிப்பாக்குங்கள், பாயசம் வேண்டாம். பிறகு சார்ஜ் போட்டவுடன் ஒரு காபி குடித்துவிட்டு, அலாரம் வைத்து இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் அதே இருபது நிமிடம் ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து தெளிவைத் தரும். அலாரத்தைத் தாண்டித் தூங்கினால் எழும்போது மந்தமாக இருக்கும்.

மின்சார காரில் புகை கிடையாது. ஆகவே நிறுத்திய காரில் ஏ.சி. போட்டுப் படுப்பதில், பெட்ரோல் காரில் இருக்கும் நச்சுவாயு ஆபத்து இல்லை. அரை மணி நேர ஏ.சி.க்கு அரை யூனிட் முதல் ஒரு யூனிட்வரை செலவாகலாம். சில கார்களில் கதவைப் பூட்டியதும் ஏ.சி. நின்றுவிடும். குழந்தையை உள்ளே தூங்கவிட்டு நீங்கள் சாப்பிடப் போவது மட்டும் எந்தக் காரிலும் கூடாது.